சுவரில் மாட்டிய பிறகு ஒரு விலை

கலிஃபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில், கார் விற்பனைக் கடைகளும் பழுதுபார்க்கும் ஷெட்டுகளும் ஒரு காலத்தில் வரிசைகட்டி நின்ற பகுதியில், 24ஆம் தெருவில் இருக்கிறது கிரியேட்டிவ் குரோத் கலை மையம். கட்டடமும் ஒரு பழைய கார் பட்டறைதான். உயரமான கூரைக்குக் கீழே நீள மேசைகள், வண்ணக் குப்பிகள், நூல்கண்டுகள், களிமண், தச்சுச் சாமான்கள். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் போன்ற அறிவுசார் அல்லது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், வேலைக்குப் போவதுபோல வாரநாட்களில் அங்கே வந்து வரைகிறார்கள், பின்னுகிறார்கள், செதுக்குகிறார்கள். அதே கூரையின் கீழ், பட்டறையை ஒட்டி, வெள்ளைச் சுவர்களோடு ஒரு காட்சிக்கூடம். அங்கே மாட்டிய ஒவ்வொரு படத்துக்கும் வரைந்தவர் பெயரும் விலையும் உண்டு. பட்டறையையும் காட்சிக்கூடத்தையும் இப்படி ஒட்டிவைத்ததுதான் இந்த இடத்தின் கண்டுபிடிப்பு. அதற்கு முன் இப்படிப்பட்டவர்களின் படங்களுக்குப் பெரும்பாலும் சுவரும் இருந்ததில்லை, விலையும் இருந்ததில்லை.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் இவர்களுக்கென்று இருந்த இடம் அரசுக் காப்பகம். பிள்ளை பிறந்ததும் 'கொண்டுபோய் விட்டுவிடுங்கள், மறந்துவிடுங்கள்' என்று மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுரை சொன்ன காலம் அது. கலிஃபோர்னியாவில் சோனோமா மாநில மருத்துவமனை இவற்றுள் பெரியது. 1891இல் தொடங்கி 2018இல் மூடப்பட்ட அந்தக் காப்பகத்தில் ஒரு கட்டத்தில் 3,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். 1909இல் வந்த மாநிலச் சட்டத்தின் கீழ் கலிஃபோர்னியா முழுக்கச் சுமார் 20,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. அதில் பெரும் பங்கு சோனோமாவில்தான்.

காப்பகங்களில் யாரும் வரையவில்லை என்று சொல்ல முடியாது. வரைந்ததை யாரும் எடுத்துவைக்கவில்லை. டுவைட் மெக்கின்டோஷ் என்பவர் 1906இல் பிறந்தார். 16 வயதில், 1922இல், காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். வெளியே வந்தது 1978இல். அந்த 56 ஆண்டுகளில் அவர் வரைந்தது என்ன என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. விடுதலையான அதே ஆண்டில், 72 வயதில், தம்பியின் ஏற்பாட்டில் கிரியேட்டிவ் குரோத்துக்கு வந்துசேர்ந்தார். அதன்பின் நிறுத்தாமல் வரைந்தார். வரிவரியாக ஆண் உருவங்கள், உள்ளே இருக்கும் ஆட்களும் சக்கரமும் ஒன்றாகத் தெரியும் கண்ணாடி போன்ற பேருந்துகள், ஓரத்தில் யாராலும் வாசிக்க முடியாத கூட்டெழுத்து. 1999இல் அவர் இறந்தபோது அவரைப் பற்றி ஒரு நூலே வந்திருந்தது. கலை வரலாற்றாளர் ஜான் மெக்கிரிகர் எழுதிய நூல் அது. அரை நூற்றாண்டு வெற்றாகக் கழிந்த ஒருவருக்குக் கடைசி இருபது ஆண்டில் ஒரு கலை வாழ்க்கை கிடைத்தது. அந்த வயதில் அவர் திடீரென்று திறமை பெற்றுவிடவில்லை. எதிரே காகிதமும் பேனாவும் வந்தன, அவ்வளவுதான்.

இவரைப் போன்றவர்களைக் காப்பகத்தைவிட்டு வெளியே கொண்டுவந்தது சட்டம். பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்ப மறுத்த பெற்றோர்கள் பல்லாண்டு போராடியதன் பலனாக 1969இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் லான்டர்மேன் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டமன்ற உறுப்பினர் ஃபிராங்க் லான்டர்மேன் கொண்டுவந்தது. கையெழுத்திட்ட ஆளுநர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரீகன். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் சமூகத்துக்குள்ளேயே வாழ்வதற்கான உதவியைப் பெறுவது அவர் உரிமை என்றது அந்தச் சட்டம். இதற்கென வட்டார மையங்கள் அமைந்தன. இன்று 21 இருக்கின்றன. ஒருவர் பகலில் ஒரு மையத்துக்கு வந்துபோனால் அதற்கான கட்டணத்தை வட்டார மையம் கட்டும். ஓவியப் பட்டறையும் 'பகல்நேர மையம்' என்ற கணக்கில் வரலாம். இந்தச் சிறிய சட்ட வாசல் வழியாகத்தான் பின்னால் வந்த எல்லாமே நுழைந்தன. வேறு பல மாநிலங்களில் இத்தகைய பட்டறைகள் மிகத் தாமதமாக முளைத்ததற்கு அங்கே கலைஞர்கள் குறைவு என்பது காரணமல்ல. அங்கே இந்த வாசல் இல்லை.

ஆனால் காப்பகக் கதவு திறந்ததும் வெளியே வந்தவர்கள் பகலில் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. பலர் போய்ச் சேர்ந்தது 'பாதுகாக்கப்பட்ட பணிமனை' என்ற இடத்துக்கு. திருகாணிகளை எண்ணிப் பையில் போடுவது, உறை ஒட்டுவது போன்ற வேலை. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு, ஊனமுற்றவருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சில சென்ட் மட்டுமே பெற்றவர்கள் உண்டு. இந்தக் குறைகூலி முறையை நிறுத்தக் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியதே 2021இல்தான்.

உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் அவர் மனைவி, ஓவியரும் ஆசிரியருமான ஃபுளோரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸும் 1970களின் தொடக்கத்தில் பெர்க்லியில் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் மேசை போட்டு, சிலரைக் கூட்டி வரையவைத்தார்கள். அது 1974இல் கிரியேட்டிவ் குரோத் என்ற அமைப்பானது. பின்னர் ஓக்லாந்தின் பழைய பட்டறைக்கு இடம்பெயர்ந்தது. எலியாஸ் காப்பகங்களை உள்ளிருந்து பார்த்தவர். ஃபுளோரன்ஸ் ஓவியக் கல்வியை அறிந்தவர். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருந்தால் வியப்பில்லை.

அவர்கள் வகுத்த விதிகள் கொஞ்சம்தான், ஆனால் கறாரானவை. இது சிகிச்சை இல்லை; படத்தை வைத்து நோயை ஆராய்வது கிடையாது. பட்டறையில் துணை நிற்பவர்கள் தொழில்முறைக் கலைஞர்களாக இருக்க வேண்டும், செவிலியர்களாகவோ சிகிச்சையாளர்களாகவோ அல்ல. அவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்கலாம், கருவி எப்படி வேலை செய்கிறது என்று காட்டலாம். கையைப் பிடித்து வரையக் கூடாது, 'வானம் நீலமாக இருக்க வேண்டும்' என்று திருத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பட்டறைக்குப் பக்கத்தில் காட்சிக்கூடம் கட்டாயம். பார்வையாளர் வருவார், வாங்குவார், வரைந்தவரைச் சந்திப்பார். விற்ற பணத்தில் சரிபாதி வரைந்தவருக்கு, மறுபாதி மையத்துக்கு. நியூயார்க்கின் வணிகக் கூடங்களும் பெரும்பாலும் பாதிக்குப் பாதிதான் பிரிக்கும். அதே வழக்கத்தை இங்கேயும் வைத்ததில் ஒரு செய்தி இருந்தது.

1970களின் இறுதியில் திறந்த அந்தக் காட்சிக்கூடம், ஊனமுற்றவர்களின் கலைக்கென்றே அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் கூடம் என்று சொல்லப்படுகிறது. காட்ஸ் தம்பதியர் அதோடு நிற்கவில்லை. வளைகுடாவின் இரு கரைகளிலுமாக 1980களின் முதல் பாதியில் இன்னும் இரண்டு மையங்கள் உருவாக முன்னின்றார்கள். ரிச்மண்ட் நகரில் நயாட், சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1983இல் கிரியேட்டிவிட்டி எக்ஸ்ப்ளோர்ட். மூன்றும் இன்றும் இயங்குகின்றன. மூன்றிலும் அதே அமைப்பு: பட்டறை, பக்கத்தில் கூடம்.

அதே 1974இல் நாட்டின் மறுகோடியில் வேறொரு முயற்சியும் தொடங்கியது. கென்னடி குடும்பத்தைச் சேர்ந்த ஜீன் கென்னடி ஸ்மித் வாஷிங்டனில் ஏற்படுத்திய, பின்னாளில் 'வெரி ஸ்பெஷல் ஆர்ட்ஸ்' என்று பெயர் பெற்ற அமைப்பு அது. பெரும் விழாக்கள், பள்ளி நிகழ்ச்சிகள், பிரபலங்கள் பங்கேற்ற மேடைகள். லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் தூரிகை கொடுத்தது அந்த இயக்கம். ஆனால் விழா ஒரு நாளில் முடிந்துவிடும்; மறுநாள் காலை அந்தப் பிள்ளை எங்கே போய் வரையும் என்பது விழாவின் கவலை அல்ல. ஓக்லாந்தின் பதில் மேசை: தினமும் அதே மேசை, அதே நாற்காலி, முப்பது ஆண்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கலைஞர்கள் உருவானது விழாவில் அல்ல, மேசையில்தான் என்று துணிந்து சொல்லலாம்.

இதற்குச் சான்றாக ஜூடித் ஸ்காட்டின் கதையை எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச்சொல்லித் தேய்ந்த கதை. ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

1943இல் ஒஹாயோ மாநிலத்தில் இரட்டையராகப் பிறந்தவர்கள் ஜூடித், ஜாய்ஸ் இருவரும். ஜூடித்துக்கு டவுன் சிண்ட்ரோம். சிறு வயதில் வந்த காய்ச்சலில் காதும் கேட்காமல் போயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சொன்னதைக் கேட்கவில்லை, பதில் பேசவில்லை, ஆகவே கல்விக்கு லாயக்கில்லை என்று எழுதிவைத்தார்கள். ஏழாவது வயதில் காப்பகம். அங்கே ஒருமுறை கையில் எடுத்த கிரேயானைக்கூட, இவளுக்கு எதற்கு என்று பிடுங்கிக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. 35 ஆண்டுக்குப் பின், 1980களின் நடுவில், ஜாய்ஸ் சட்டப்படி காப்பாளராகி சகோதரியைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். 1987இல் கிரியேட்டிவ் குரோத்தில் சேர்த்தார்.

சேர்ந்ததும் அற்புதம் நடந்துவிடவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஜூடித் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். காகிதம் கொடுத்தால் அக்கறையில்லாமல் கிறுக்கினார். வருகைதரு கலைஞராக வந்த சில்வியா செவன்டி நூல், துணி கொண்டு ஒரு வகுப்பு நடத்தியபோது, குச்சிகளை எடுத்துச் சேர்த்து அவற்றைச் சுற்றி நூலைச் சுற்றத் தொடங்கினார். சுற்றினார், முடிச்சிட்டார், வேறு நிறத்தை எடுத்தார், மறுபடி சுற்றினார். ஒன்று முடிய வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது: கிடைத்ததையெல்லாம் எடுத்துவந்து நடுவில் வைப்பார். ஊழியர்களின் சாவியும் ஒரு மோதிரமும்கூட உள்ளே போனதாகச் சொல்வார்கள். ஒருமுறை நூல் கிடைக்காதபோது சமையலறைக் காகிதத் துண்டுகளை முறுக்கி முடிந்து, முழுக்க வெள்ளையில் ஒன்றைச் செய்துமுடித்தார். வேலை தீர்ந்தது என்றால் கையைத் தட்டிக்கொண்டு பொருளைத் தள்ளிவிடுவார். எங்கே நிறுத்துவது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2005இல் இறக்கும்வரை சுமார் 200 சிற்பங்கள்.

அந்த முதல் இரண்டு ஆண்டுகள்தான் இந்த வரலாற்றின் முக்கியமான செய்தி. முன்னேற்றம் எங்கே என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கும் ஓர் இடத்தில் ஜூடித் ஸ்காட்டை அனுப்பிவைத்திருப்பார்கள். ஓக்லாந்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் இடம் இருந்தது.

1999இல் அவருக்கென்று தனிக் கண்காட்சி கிரியேட்டிவ் குரோத்தில் நடந்தது. ஜூடித்தைப் பற்றி மெக்கிரிகர் எழுதிய நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. இதன்பின் கதவுகள் திறந்தன. ஆனால் எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் திறப்பது என்பதில் சிக்கல் இருந்தது. பிரெஞ்சு ஓவியர் ஜான் துபுஃபே 1945 வாக்கில், கலைப் பள்ளியும் அருங்காட்சியகமும் தொடாத கலைக்கு 'ஆர் புரூ' என்று பெயர் வைத்தார்; அவர் சேகரிப்பு 1976 முதல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ரோஜர் கார்டினல் 1972இல் எழுதிய நூலின் தலைப்பு 'அவுட்சைடர் ஆர்ட்', அதாவது வெளியாரின் கலை என்ற பெயரைப் பரப்பியது. 1993இல் நியூயார்க்கில் தொடங்கிய அவுட்சைடர் ஆர்ட் ஃபேர் என்ற வருடாந்தரச் சந்தை அதற்கு ஒரு வணிக முகவரியைக் கொடுத்தது. கலிஃபோர்னியா மையங்களும் அங்கே கடை போட்டு விற்றன. பெயர் விற்பனைக்கு உதவியது. மரியாதைக்கு உதவியதா என்பது வேறு. 'வெளியார்' என்று சொல்லிவிட்டால் படத்தைவிட வரைந்தவரின் நோய்க்குறிப்பு முன்னால் வந்துவிடுகிறது. 'தானே கற்றவர்' என்ற சொல்லும் முழுக்கப் பொருந்தாது. கலைப் பள்ளிக்குப் போகாதவர்கள் என்பது சரி. ஆனால் மற்றக் கலைஞர்களுக்கு நடுவே நாள்தவறாமல் முப்பது ஆண்டு உழைத்தவரைத் தனிமையில் முளைத்த காட்டுச்செடி என்று சொல்வது எப்படி?

பெயர்ப்பலகையைக் கழற்றியவர்களில் ஒருவர் மேத்யூ ஹிக்ஸ். நியூயார்க்கின் வைட் காலம்ஸ் என்ற பழம்பெரும் மாற்றுக் கலைக்கூடத்தின் இயக்குநராக 2004இல் பொறுப்பேற்ற அவர், ஓக்லாந்துக் கலைஞர்களைத் தனி வரிசை எதுவும் இல்லாமல் மற்றச் சமகாலக் கலைஞர்களோடு சேர்த்தே காட்டினார். வில்லியம் ஸ்காட், டான் மில்லர் இருவரும் இப்படித்தான் நியூயார்க்குக்கு அறிமுகமானார்கள். இருவரும் 1992 முதல் கிரியேட்டிவ் குரோத்தில் வேலை செய்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஏழ்மையான ஒரு பகுதியில் வளர்ந்த வில்லியம் ஸ்காட், அந்த நகரத்தையே இடித்துக் கட்டி 'பிரெய்ஸ் ஃபிரிஸ்கோ' என்ற கற்பனை ஊராக்கி, கட்டட வரைபடத் துல்லியத்தோடு வரைகிறார். டான் மில்லர் ஒரு சொல்லை எழுதி அதன் மேலேயே அடுத்த சொல்லை எழுதுகிறார். மின்விளக்கு, ஸ்விட்ச், ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் வாசிக்க முடியாத அடர்ந்த மேகமாகிவிடும். இருவரின் படைப்புகளும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 2011இல் ஹிக்ஸும் காட்சி அமைப்பாளர் லாரன்ஸ் ரிண்டரும் பெர்க்லி கலை அருங்காட்சியகத்தில் மூன்று மையங்களின் கலைஞர்களையும் ஒன்றாகக் காட்டிய கண்காட்சி நடந்தது. 2014இல் புரூக்ளின் அருங்காட்சியகம் ஜூடித் ஸ்காட்டுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 2017 வெனிஸ் பியன்னாலே சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜூடித் ஸ்காட்டும் டான் மில்லரும் இடம்பெற்றார்கள். கிரியேட்டிவ் குரோத்தின் ஐம்பதாம் ஆண்டில், 2024இல், சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த மையத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை விலைகொடுத்து வாங்கிப் பெரிய கண்காட்சியும் நடத்தியது. பாலத்தைத் தாண்டினால் ஓக்லாந்து. அந்தத் தூரத்தைக் கடக்க ஐம்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே முறை வேரூன்றியது. லண்டனில் ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற அமைப்பின் பட்டறையில் 1999 முதல் வேலை செய்துவரும் நெனா கலு, பழைய வீடியோ நாடா, துணி, பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைச் சுற்றிச்சுற்றித் தொங்கும் சிற்பங்களைச் செய்கிறார். பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு 2025இல் அவருக்குக் கிடைத்தது. கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

இத்தனை புகழும் பட்டறையின் மின்கட்டணத்தைக் கட்டிவிடாது. நூறு பேருக்கு மேல் வந்துபோகும் ஒரு மையத்தில் அருங்காட்சியகம் வரை போகிறவர்கள் ஒரு சிலர். மற்றவர்களின் படங்கள் எளிய விலைக்குத்தான் போகும், பலருடையவை போகவே போகாது. வட்டார மையம் தரும் பகல்நேரக் கட்டணம் கூலிக்கும் வாடகைக்கும் எட்டுவதில்லை. மாநில நிதிநிலை அறிக்கை சுருங்கும்போதெல்லாம் முதலில் கைவைக்கப்படும் இனங்களில் அதுவும் ஒன்று. பள்ளத்தை நிரப்ப அறக்கட்டளைகளின் நல்கையும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளும்.

இவற்றில் ஆண்டிறுதி விற்பனைதான் பழையது. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கும் கூட்டத்தை நம்பி, சுவர் முழுக்கப் படம், மேசை முழுக்கப் பீங்கான், தரை விரிப்பு, பொம்மை. கிரியேட்டிவ் குரோத்தின் 'பியாண்ட் டிரெண்ட்' என்ற ஆடை அணிவகுப்பு இன்னும் பிரபலம். கலைஞர்கள் தாங்களே வரைந்தும் தைத்தும் கட்டியும் உருவாக்கிய உடைகளோடு மேடையில் நடந்து வருவார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிய கூட்டம் கைதட்டும். இது பார்வைப் பொருளாக்குவதா என்ற கேள்வி எழாமல் இல்லை. நடந்து வருபவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை அதிக நேரம் வைத்திருப்பதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மையங்கள் கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கின்றன: நன்கொடை என்பது மையத்துக்கு, விலை என்பது படத்துக்கு. இரக்கத்தில் படம் வாங்குபவர் அதை வீட்டில் மாட்டாமலே விடலாம். பிடித்து வாங்கியவர்தான் அடுத்த ஆண்டும் வருவார். நம் ஊர் வீடுகளுக்கும், வாயாலும் காலாலும் வரைபவர்களின் சங்கத்திலிருந்து தபாலில் வாழ்த்து அட்டைகள் வருவதுண்டு. 1956இல் ஐரோப்பாவில் எரிக் ஸ்டெக்மன் தொடங்கிய அந்தச் சங்கமும் தருமம் வேண்டாம், வேலைக்கு விலை கொடுங்கள் என்றே ஆரம்பித்தது. அங்கே குறை உடலில், இங்கே அறிவு வளர்ச்சியில். கேட்டது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விலை கிடைத்த பிறகு வந்த சிக்கல் யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் எஸ்எஸ்ஐ எனப்படும் மத்திய அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்கள். மாதத்தில் ஒரு சிறு தொகைக்கு மேல் சம்பாதித்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் உதவித்தொகையில் குறையும். அதைவிடக் கடுமையானது சேமிப்பு வரம்பு: தனி ஒருவர் 2,000 டாலருக்கு மேல் கையில் வைத்திருந்தால் உதவித்தொகையே நின்றுபோகலாம். ஒரு பெரிய சிற்பம் நல்ல விலைக்குப் போனாலே வரம்பு தாண்டிவிடும். ஆகவே கூடத்தில் படம் விற்றதும் மையத்தின் கணக்கர் செய்யும் முதல் வேலை, பணத்தை எப்படி, எப்போது, எந்தக் கணக்கில் போடுவது என்று பார்ப்பது. 2014இல் வந்த ஏபிள் சட்டம் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றை அனுமதித்தது. அதில் உள்ள 1,00,000 டாலர் வரை எஸ்எஸ்ஐ கணக்கில் சேராது. முதலில் அது இளவயதிலேயே குறைபாடு தொடங்கியவர்களுக்கு மட்டும் பொருந்தியது; இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் அந்த வரையறைக்குள் வந்தார்கள். கணக்குத் திறக்கவும் நடத்தவும் யாராவது துணை இருந்தால்தான் பெரும்பாலும் அதுவும் நடக்கும். அப்படி யாரும் இல்லாதவருக்குப் பழைய வரம்புதான். அந்த 2,000 டாலர் 1989இல் வைத்த எண். அதன்பின் ஏற்றப்படவே இல்லை.